கேப்புக்குள் இறங்கிய நீலம்

என் தோழியின் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் போட்டிருந்த கேப் கழன்று விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செல்லூரில் அவர்கள் வீட்டு மாடியில் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்து, தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். கீழ்த்தளத்தை விசைத்தறிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஞாயிறு என்பதால் தறி ஓடவில்லை. ஓடியிருந்தால் அடுத்து வந்த சத்தம் எங்கள் காதில் விழுந்திருக்காது. முறுக்கை ஒரு கடி கடித்தார் அம்மா. முறுக்கு உடைகிற சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது.

வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர், கழுவிய கையில் அதை ஏந்திக்கொண்டு வந்தார். வெள்ளி நிறத்தில், சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு உலோகக் கேப். வெளிப்புறம் புதுசாகவே மின்னியது. தோழி அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்து என்னிடம் நீட்டினாள். உள்ளே பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பல்லைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டிய சிமென்ட்டில் பாதியைக் காணோம்.

நாங்கள் இருவரும் அப்போது மதுரைக்கு வெளியே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தோம். பல்செட், கேப், பிரிட்ஜ், இவைதான் எங்கள் துறை. நான் உசிலம்பட்டிக்காரி, ஹாஸ்டலில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பயந்து செல்லூர் வந்துவிடுவேன். அவர்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் தாயும் மகளும் அவர்கள் மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் என்னைப் பார்த்ததும் அதே வேகத்தில் தமிழுக்கு மாறிச் சண்டையைத் தொடர்வார்கள். எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாதாம்.

போன் டார்ச்சை அடித்து அம்மாவின் வாய்க்குள் பார்த்தோம். பல் கறுத்து, மெத்தென்று போயிருந்தது.

"வெளிய பாத்தா இம்புட்டுப் பளபளன்னு இருக்கு. உள்ள எப்படிடீ அழுகுச்சு?" என்றார் அம்மா.

"சிமென்ட்டு ஒழுகியிருக்கும்மா," என்றாள் தோழி.

"ஒழுகுறதுக்கு அதென்ன மொட்டமாடியா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன். கேப்புக்கும் பல்லுக்கும் நடுவுல முடி கனத்துக்கு ஒரு சந்து இருக்கும். அத அடைக்கத்தான் சிமென்ட்டு. அது கரைஞ்சு போனா எச்சி உள்ள போவும், எச்சியோட கிருமியும் போவும். உள்ளுக்குள்ளயே பல்லு சொத்தையாயிரும். மேல கேப்பு மூடிக்கிட்டு இருக்கதால யாருக்கும் தெரியாது."

அம்மா கேப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஒழுகாத சிமென்ட்டு எது?"

மிகச் சாதாரணமான கேள்வி. புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் நாங்கள். இருந்தும் அவள் ஒரு பதிலும் நான் ஒரு பதிலும் சொன்னோம். அதைப் பார்த்து அம்மா சிரித்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் எங்கள் பேராசிரியையின் அறைக்குப் போனோம். தீசிஸுக்கு என்ன தலைப்பு என்று அவர் எங்களைப் பல வாரமாகத் துரத்திக்கொண்டிருந்தார். உலோகக் கேப்பை ஒட்டும் சிமென்ட்டுகளில் எது எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்கப்போகிறோம் என்றோம். எனக்கு மூன்று சிமென்ட்டுகள்: பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் ஜிங்க் பாஸ்பேட், அதற்குப் பின்னால் வந்த கிளாஸ் அயனோமர், பிசின் வகையைச் சேர்ந்த ரெசின். தோழிக்கும் அதே மூன்றுதான். ஆனால் அவள் கேப்பின் உட்புறத்தில் மணலைப் பீச்சிச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுவாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒழுகலைன்னு மட்டும் எழுதிக்கிட்டு வராதீங்க. எவ்வளவு ஒழுகுதுன்னு எழுதிக்கிட்டு வாங்க."

இதற்கிடையில் அம்மாவின் பல்லுக்குக் கல்லூரியிலேயே வேர் சிகிச்சை நடந்தது. பல்லைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் அம்மா பழைய கேப்பையே திரும்ப ஒட்டச் சொன்னார். பல்லின் உருவமே மாறிவிட்டது, பழைய கேப் அதில் உட்காராது என்று தோழி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. கடைசியில் நான் அந்தக் கேப்பைப் பல்லின் மேல் வைத்து, ஓரத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கண்ணாடியில் காட்டினேன். அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். புதுக் கேப்புக்கு அளவெடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "மொதல்ல எந்தச் சிமென்ட்டு நல்லதுன்னு கண்டுபிடிங்க. அதுக்குப் பெறகு ஒட்டுங்க. திரும்பவும் அழுகுறதுக்கா நான் ஒக்காந்துருக்கேன்?" என்றார்.

அதுவரை தாக்குப்பிடிக்கட்டும் என்று பல்லின் மேல் பிளாஸ்டிக்கில் ஒரு தற்காலிகக் கேப் வைத்தோம். அதை ஒட்டும் பசையில் கிராம்பு எண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும். சில வாரங்களுக்கு மேல் அது தாங்காது. தாங்கவும் இல்லை. கழன்று கழன்று வந்தது. நானும் ஞாயிற்றுக்கிழமை பையில் அந்தப் பசையை எடுத்துக்கொண்டு போய், சாப்பிடுவதற்கு முன்பே ஒட்டிக் கொடுப்பேன். கிராம்பு வாசத்தோடுதான் அந்த வீட்டில் பல ஞாயிறுகள் சாப்பிட்டேன்.

ஆராய்ச்சிக்குப் பல் வேண்டும். சொத்தையோ விரிசலோ இல்லாத நல்ல பல். பற்களை வரிசைப்படுத்தக் கம்பி போடும்போது இடம் பத்தாமல் நல்ல பல்லையே பிடுங்குவார்கள். அவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லித் தெரிந்த கிளினிக்குகளுக்கெல்லாம் சலைன் ஊற்றிய பாட்டில்களைக் கொடுத்திருந்தோம். நாகமலை புதுக்கோட்டை, செல்லூர், எங்கள் உசிலம்பட்டி என்று மாற்றி மாற்றிப் போய்ப் பாட்டில்களை வாங்கி வருவோம். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ நாகமலை புதுக்கோட்டையில்தான் நிறையக் கிடைத்தது. அங்கே கம்பி போடாத பிள்ளைகளே இல்லை என்பாள் தோழி.

உசிலம்பட்டியிலிருந்து பாட்டிலோடு திரும்பி வந்த ஒரு டவுன் பஸ் பயணம் நினைவிருக்கிறது. சந்தை நாள், பஸ்ஸில் நெருக்கடி. என் மடியில் இருந்த பாட்டிலைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார். காலடியில் அவருடைய காலிக் காய்கறிக் கூடை.

"என்னத்தா அது, பூண்டு ஊறுகாயா?"

"இல்லக்கா. பல்லு."

"பூண்டுப் பல்லுதான?"

"மனுசப் பல்லுக்கா."

அவர் கூடையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "செத்தவுகளோடதா?"

"ஐயோ, எல்லாரும் உசுரோட நல்லாத்தான் இருக்காக. பல்லுக்குக் கம்பி போடுறதுக்காகப் புடுங்குனது."

"நல்ல பல்லயா? நல்ல பல்லப் புடுங்கிப்புட்டா கம்பி போடுறாக?" அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. செக்கானூரணி வரைக்கும் அதையே சொல்லி ஆற்றாமைப்பட்டுக்கொண்டு வந்தார். பிறகு வாயைத் திறந்து, ஆடுகிற தன் பல் ஒன்றைக் காட்டி, "இத வேணா எடுத்துக்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. கல்லூரிக்கு வந்தால் இலவசமாகப் பார்ப்பார்கள் என்று வழி சொன்னேன். வந்தாரா என்று தெரியாது.

பற்கள் சேர்ந்ததும் வேலை ஆரம்பமானது. ஒவ்வொரு பல்லையும் கேப்புக்கு ஏற்றபடி செதுக்கி, மெழுகில் உருவம் எடுத்து, கல்லூரி லேபில் உலோகத்தில் வார்த்து வாங்கினோம். அவரவர் குழுவுக்கான சிமென்ட்டைக் குழைத்து ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் நெயில் பாலிஷ். சிரிப்பாக இருக்கும், ஆனால் உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். கேப்பின் விளிம்பு பல்லைத் தொடும் இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வளையத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் நெயில் பாலிஷ் பூசி அடைத்துவிட வேண்டும். அப்போதுதான் கடைசியில் பல்லை ஊறவைக்கும் நீலச் சாயத்துக்கு, உள்ளே போக அந்த ஒரு வழியைத் தவிர வேறு வழி இருக்காது. விளக்குத்தூண் பக்கம் ஃபேன்சி கடைகளில் அலைந்து சிவப்பு, ரோஸ், பச்சை என்று வாங்கினோம். குழுவுக்கு ஒரு நிறம். மிச்சத்தைத் தோழி எங்கள் இருவரின் கால் விரல்களிலும் பூசினாள். கால் ஒன்றுக்கு ஒரு நிறம்.

அடுத்தது ஐஸும் சூடும். நாம் காபி குடிக்கிறோம், உடனே பச்சைத் தண்ணீர் குடிக்கிறோம். சூட்டில் உலோகம் ஒருவிதமாக விரியும், பல் ஒருவிதமாக விரியும். நடுவில் மாட்டிக்கொண்ட சிமென்ட் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். வாயில் வருஷக்கணக்கில் நடக்கும் அதைச் சில நாட்களில் நடத்திக் காட்ட, பற்களை ஐஸ் தண்ணீரிலும் சூடான தண்ணீரிலும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான முறை முக்க வேண்டும். இதற்கென்று ஒரு இயந்திரம் உண்டு. எங்கள் கல்லூரியிலும் இருந்தது, ஓடத்தான் இல்லை. அதனால் கையால் முக்கினோம். மீன் கடைகளுக்கு ஐஸ் போடும் இடத்தில் கட்டி ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் கொண்டு வருவோம். பற்களை வலைத் துணிப் பைகளில் போட்டிருந்தோம். கொசுவலையை வெட்டி அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்தவர் அம்மா. அரை நிமிஷம் இந்த வாளி, அரை நிமிஷம் அந்த வாளி. கரண்ட் போனால் ஹீட்டர் நின்றுவிடும். ஹாஸ்டல் சமையலறைக்கு ஓடி வெந்நீர் வாங்கி வருவோம்.

வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் எங்கள் வாழ்க்கை முழுவதையும் ஒருவருக்கொருவர் சொல்லி முடித்தோம். அவளுடைய அப்பா அவள் இளநிலை படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். தனக்குக் கல்யாணமாகிவிட்டால் அம்மா தனியாகிவிடுவாரே என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. நல்ல வரன்கள் வந்துகொண்டிருந்தன, இவள் ஏதாவது ஒரு குறை சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படிப்பட்ட கவலை எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் எப்போதும் கூட்டம். ஒரு நாளாவது தனியாக இருக்க மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். அதைச் சொன்னதற்கு அவள் ஐஸ் தண்ணீரை என் மேல் தெளித்தாள்.

முக்கி முடித்து, நீலச் சாயத்தில் ஒரு நாள் ஊறவைத்து, கழுவி, பிளாஸ்டிக் கட்டியில் பதித்து, மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்தோம். முதல் பல்லை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் நீலம் இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அங்கே அளக்க எதுவும் இல்லை. பல் முழுவதும் நீலம். வேரிலிருந்து, பக்கத்திலிருந்து, எங்கிருந்தெல்லாமோ நீலம். அடுத்த பல்லும் அப்படியே. அதற்கடுத்ததும்.

நெயில் பாலிஷ் சூட்டிலும் குளிரிலும் உரிந்திருக்கிறது. வாளித் தண்ணீரில் ரோஸ் துணுக்குகள் மிதந்ததை நாங்கள் பார்க்கத்தான் செய்தோம். முதலில் சரியாகத் துடைக்காமல் விட்ட மிச்சம் என்று நினைத்துவிட்டோம்.

தோழி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நான் அடுத்த பல்லை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். மேடம் வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம்.

"நல்லா ஊறியிருக்கு," என்றார். பிறகு, "திரும்பப் பண்ணுங்க."

"எல்லாத்தையுமா மேடம்?"

"பல்லுல இருந்து."

அன்று சாயங்காலம் செல்லூருக்குப் போய் அம்மாவிடம் சொன்னோம். அவருக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. "அப்ப எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு இந்தக் கிராம்பு வாசந்தானா?" என்றார். இருக்கிற சிமென்ட்டிலேயே ஒரு புதுக் கேப் ஒட்டிவிடுகிறோம், காத்திருக்க வேண்டாம் என்றோம். "நீங்க ரெண்டு பேரும் திரும்பச் செய்றீகள்ல? நானும் இருக்கேன்," என்றார்.

மறுபடியும் பஸ், மறுபடியும் பாட்டில்கள். இந்த முறை பாலிஷ் நல்லதாக வாங்கி, பூசிக் காயவைத்து, மேலே இன்னொரு பூச்சும் கொடுத்து, வேர் நுனியை மெழுகால் அடைத்தோம். ஒரு பல்லை மட்டும் முதலில் சோதித்துப் பார்த்தோம். உரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோழிக்கு ஒரு வரன் தகைந்தது. பையனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவர்கள் சமூகம்தான், சொந்த ஊர் பரமக்குடி. இவள் வழக்கம்போலக் குறை கண்டுபிடிக்கப் பார்த்தாள். மாப்பிள்ளை போனில், "அம்மாவும் நம்மகூட வந்து இருக்கலாமே" என்று அவராகவே சொல்லியிருக்கிறார். இவளால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முகூர்த்தம் சீக்கிரமே அமைந்தது. எங்கள் பற்கள் வாளிக்குத் தயாரானதும் அதே வாரத்தில்தான்.

கல்யாணத்தில் அம்மாவின் தற்காலிகக் கேப் பந்தியில் கழன்றது. சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருக்கிறார்கள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மண்டபத்தின் பின்பக்கம் மணப்பெண் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து ஒட்டினேன். பட்டுச்சேலையில் பசை சிந்தாமல் ஒட்டுவது ஒரு தனித் திறமை.

கல்யாணம் முடிந்த கையோடு தோழி பரமக்குடி போய்விட்டாள். மறுவீடு, விருந்து என்று அவளால் உடனே வர முடியவில்லை. பற்களை அதிக நாள் காத்திருக்க வைக்கவும் கூடாது. தனியாக முக்கிக்கொள்கிறேன் என்று அவளிடம் தைரியம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் லேபில் வாளிகளை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அம்மா நின்றார். கையில் தூக்குச் சட்டி.

"அவ போன் பண்ணுனா. நீ ஒத்தையில ஒக்காந்துருப்பன்னா. வீட்டுல நான் மட்டும் என்ன செய்யப்போறேன்? எந்த வாளி எனக்கு?"

மேடத்திடம் கேட்டேன். கையுறை போட்டுக்கொள்ளட்டும் என்றார். அம்மாவுக்குக் கையுறை பிடிக்கவில்லை, ஆனால் போட்டுக்கொண்டார். சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்த்து "மாத்துங்கம்மா" என்பேன், அவர் பைகளைத் தூக்கி அடுத்த வாளியில் இறக்குவார். கொஞ்ச நேரத்தில் நான் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. கல்யாண வீடு காலியானது பற்றி, சமையல்காரர் பாயசத்தில் செய்த சொதப்பல் பற்றி, எல்லாம் பேசினார். மகளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வாளிக்கு முன் உட்கார்ந்தபோது கேட்டேன், அந்தப் பழைய கேப்பைத்தான் திரும்ப ஒட்ட வேண்டும் என்று ஏன் அப்படி அடம்பிடித்தீர்கள் என்று.

"அது அவுக கூட்டிட்டுப் போயிப் போட்டது," என்றார். அவுக என்றால் தோழியின் அப்பா. "எனக்கு ஊசின்னா பயம். கையப் புடிச்சுக்கிட்டே நின்னாரு. டாக்டரு வெளிய நிக்கச் சொல்லியும் போகல. அதுக்கப்புறம் நான் வாய்விட்டுச் சிரிச்சு கேப்பு மின்னுச்சுன்னா, 'ஏய், டார்ச் அடிக்காத'ம்பாரு. எங்க பாஷையில சொல்லுவாரு. தமிழ்ல சொன்னா அம்புட்டுச் சிரிப்பு வராது."

அவர்கள் மொழியில் ஒருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவர் சிரித்தார். கையுறை போட்ட கையால் வாயை மறைக்க முடியாமல் அப்படியே சிரித்தார். கடைவாயில் பிளாஸ்டிக் கேப் மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, "மணி பாரு, மாத்தணும்ல" என்றார்.

தோழி வந்து சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. கை நிறைய மருதாணி, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. வந்ததும் வராததுமாகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார் வீட்டில், கல்யாணமான பெண் பல் முக்கப் போகிறாளா என்று கேட்டுவிட்டு, முக்கிவிட்டு வா என்று அனுப்பிவைத்தார்களாம். தாயும் மகளும் உடனே அவர்கள் மொழியில் எதற்கோ சண்டை போட ஆரம்பித்தார்கள். இந்த முறை தமிழுக்கு மாறவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை பிளந்து பார்த்தபோது பல் பல்லாக இருந்தது. தந்த நிறத்தில் பல், அதன் மேல் உலோகம், இரண்டுக்கும் நடுவே கோடாகச் சிமென்ட், அந்தக் கோட்டை ஒட்டி உள்ளே இறங்கும் நீலம். அவ்வளவு அழகான ஒரு விஷயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்று அன்று தோன்றியது. ஜிங்க் பாஸ்பேட்டில் நீலம் வெகுதூரம் போயிருந்தது. சில பற்களில் பக்கச் சுவர் முழுக்க ஏறி உச்சி வரைக்கும். கிளாஸ் அயனோமரில் அதைவிடக் குறைவு. ரெசினில் பெரும்பாலும் விளிம்போடு நின்றுவிட்டது. தோழியின் சொரசொரப்பான கேப்புகளில் ரெசின் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பிடித்திருந்தது, மற்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நீலமே இறங்காத குழு என்று எதுவும் இல்லை. எல்லாச் சிமென்ட்டும் ஒழுகியது, கூடக் குறைய.

அந்த ஞாயிறு செல்லூரில் அம்மாவிடம் முடிவைச் சொன்னோம். தேர்வு முடிவு கேட்பவர் மாதிரி உட்கார்ந்து கேட்டார்.

"ஒழுகாதது ஒண்ணுமே இல்லையா?"

"இல்லம்மா. ரெசின் ரொம்பக் கம்மி."

"அப்ப அதையே வச்சு ஒட்டுங்க."

அங்கேதான் சிக்கல். ரெசினுக்கு ஈரமே ஆகாது. ஒட்டும்போது பல் காய்ந்திருக்க வேண்டும். அம்மாவின் பல் ஈறுக்குக் கீழே வரைக்கும் சொத்தையாகியிருந்ததால் கேப்பின் விளிம்பும் ஈறுக்குக் கீழேதான் உட்காரும். அங்கே துடைக்கத் துடைக்க நீர் ஊறும். எங்கள் ஆராய்ச்சிப் பற்களுக்கு ஈறும் இல்லை, எச்சிலும் இல்லை. நாங்கள் இருவரும் இதைப் பற்றி இரண்டு நாள் வாதாடினோம். அவள் ரெசின்தான் என்றாள், தன் அம்மாவுக்கு முதலிடம் வந்ததைத்தான் தர வேண்டும் என்று நின்றாள். நான், கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்றேன். மேடத்திடம் போனோம். அவர் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஈறைக் காற்றடித்துக் காயவைத்துவிட்டு, எங்களைப் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஈரம் மினுங்கியது. "சரி, கிளாஸ் அயனோமரே இருக்கட்டும்," என்றாள் தோழி.

அம்மாவுக்கு வருத்தம்தான். "மொத ரேங்க் எடுத்தத விட்டுட்டு ரெண்டாவதா?" என்றார். ஆனால் அளவெடுத்துப் புதுக் கேப் வந்ததும் வாயைத் திறந்தார். நான் பஞ்சு வைத்து எச்சிலை உறிஞ்சிக்கொண்டிருக்க, தோழி சிமென்ட்டைக் குழைத்துப் புதுக் கேப்பில் இட்டு, பல்லின் மேல் உட்காரவைத்தாள். இறுகும் வரை பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னோம். அம்மா என் ஒரு கையையும் அவள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கடித்துக்கொண்டிருந்தார். ஊசி எதுவும் போடவில்லை என்று சொல்லியும் கையை விடவில்லை.

படிப்பு முடிந்தது. தோழி கோயம்புத்தூர் போனாள். அம்மா போகவில்லை. மருமகன் எத்தனையோ முறை கூப்பிட்டும், செல்லூரை விட்டு வர மனசில்லை என்றார். நான் நாகமலை புதுக்கோட்டையில் சின்னதாகக் கிளினிக் வைத்தேன். அம்மா அவ்வப்போது பஸ் ஏறி வருவார், பல்லைக் காட்டுகிற சாக்கில். கேப்பின் ஓரத்தைக் கருவியால் மெல்லத் தடவிப் பார்ப்பேன், எக்ஸ்ரே எடுப்பேன். "ஒழுகுதா?" என்பார். "தெரியுற அளவுக்கு இல்லம்மா" என்பேன். இல்லவே இல்லை என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை, அவரும் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. பிறகு இருவரும் எதிர்க்கடையில் காபி குடிப்போம். நோயாளிகள் யாரும் இல்லாத அந்த ஆரம்ப மாதங்களில் என் கிளினிக்கில் அதிகம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

தோழிக்குக் குழந்தை பிறந்தபோது, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கோயம்புத்தூர் போனார். "போயிட்டு வாரேன்த்தா. ஈறு வீங்குனா போன்ல சொல்றேன்," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு பஸ் ஏறினார். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுவிட்டது. செல்லூர் வீட்டின் மாடியையும் இப்போது வாடகைக்கு விட்டுவிட்டார்கள். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் அந்தச் சந்துக்குள் நான் திரும்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக்கை மத்தியானத்தோடு மூடிவிடுகிறேன். மூடிவிட்டு எங்கே போவது என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொண்டு நிற்பது இன்னும் பழக்கமாகவே இருக்கிறது.

போன மாதம் தோழி போன் செய்தாள். அம்மாவுக்கு வேறு ஒரு பல்லில் வலி. அவள் வேலை பார்க்கும் இடத்தில் இருக்கும் இளம் டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள இந்த உலோகக் கேப்பையும் எடுத்துவிட்டு வெள்ளையாகப் பீங்கானில் போட்டுவிடலாம், பார்க்க நன்றாக இருக்கும் என்றாராம். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டாராம். பிறகு, "இது எம் பிள்ளைக ரெண்டு பேரும் சேந்து ஒட்டுனது. அதுல கைய வைக்காத தம்பி," என்றாராம்.

தோழி சொல்லிவிட்டுச் சிரித்தாள். பின்னால் குழந்தையின் சத்தமும், அதை அதட்டும் அம்மாவின் குரலும் கேட்டன. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"எப்ப வர்ற?" என்றார் எடுத்ததும்.

தீபாவளி முடிந்ததும் வாரேன் என்று சொல்லியிருக்கிறேன்.